மடிக்கணனி நுழைவுத் திரைக்கு வராதபோது

இடம்பெயர்ந்த குடும்பங்களின் சாமான்களில் மடிக்கணனியும் இன்று ஒன்றாகிவிட்டது. லப்டொப் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உயர்தரம் படிக்கும் மகளுக்கென்று கடன்பட்டு வாங்கியது, வெளிநாட்டிலுள்ள சித்தப்பா பாவித்துவிட்டு அனுப்பியது, கமக்காரர் அமைப்புக்கோ மாதர் சங்கத்துக்கோ ஒரு நிறுவனம் கொடுத்துவிட்டுப் போனது என்று பல வழிகளில் அது வந்து சேர்கிறது. வந்தபின் அது ஒரு றங்குப் பெட்டியின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. காணி உறுதியின் படம், பிறப்புச் சான்றிதழின் படம், விதைநெல் கடன் கணக்கு, காணாமற்போன மகனின் ஒரேயொரு புகைப்படம் எல்லாம் அதற்குள்ளே போய்விடுகின்றன.

ஒருநாள் காலையில் பொத்தானை அமத்துகிறோம். கம்பனியின் அடையாளம் தெரிகிறது. சிறு புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. சுற்றிக்கொண்டே நிற்கின்றன. அல்லது அதுவும் இல்லாமல் திரை கறுப்பாகவே கிடக்கிறது. பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கின்ற அந்தத் திரை வருவதில்லை. அதை நாம் நுழைவுத் திரை என்று அழைப்போம். அது வராதபோது என்ன செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதே இந்தப் பாடம்.

முதலில் ஒன்றைப் பிரித்து விளங்கிக்கொள்ளவேண்டும். பெட்டி வேறு, உள்ளே இருப்பது வேறு. பெட்டியைப் பணம் கொடுத்து வாங்கலாம். விண்டோஸ் என்ற இயக்கு முறைமையைத் தெரிந்தவர் ஒருவர் அரை நாளில் புதிதாகப் போட்டுவிடலாம். உறுதியின் படத்தையும் கடன் கணக்கையும் மகனின் முகத்தையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே இந்தப் பாடத்தில் ஒவ்வொரு படியிலும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்தால் உள்ளே இருப்பதற்கு ஆபத்து வருமா?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? எமக்குத் தெரிந்த ஒரு கமக்காரர் அமைப்பில் இரண்டு வருட விதைநெல் கடன் கணக்கு முழுவதும் மடிக்கணனியில் இருந்தது. கணனி வந்தவுடன் கொப்பியில் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் அது நுழைவுத் திரைக்கு வரவில்லை. செயலாளர் பக்கத்து நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். மறுநாளே திருத்திக் கொடுத்தார்கள். நுழைவுத் திரை வந்தது, கணனி முன்னரைவிட வேகமாகவும் ஓடியது. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. “போர்மற் பண்ணித்தான் எடுத்தது” என்றார்கள். யார் எவ்வளவு கட்டினார், யார் இன்னும் எத்தனை புசல் தரவேண்டும் என்பது அதன்பின் ஞாபகத்திலும் வாக்குவாதத்திலும் தங்கிவிட்டது. ஒருவரையொருவர் பல வருடமாக அறிந்த குடும்பங்களுக்கிடையில் பேச்சுவார்த்தை நின்றது. இயந்திரத்தில் இருந்த கோளாறு சிறியதாகவே இருந்திருக்கலாம். இனி அதை அறிய வழியில்லை.

போர்மற் என்பது வன்தட்டைத் துடைத்துப் புதிதாக்குவது. கடைக்காரருக்கு அது மிக இலகுவான வழி. எந்தக் கோளாறு என்று தேடும் வேலை மிச்சம். வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்று பயிரை உழுது புரட்டிவிடுவது போன்றது அது.

தண்ணீர் எங்கே நிற்கிறது?

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் கமக்காரர் என்ன செய்கிறார்? வயலில் நின்று மண்வெட்டியால் கொத்துவதில்லை. வாய்க்கால் வழியே குளத்தை நோக்கி நடக்கிறார். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, துருசு திறந்திருக்கிறதா, வாய்க்கால் எங்காவது உடைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போகிறார். தண்ணீர் எதுவரை வந்து நிற்கிறதோ அந்த இடத்திற்கு அப்பால்தான் பழுது.

மடிக்கணனியும் இப்படியே. பொத்தானை அமத்தியதும் முதலில் மின்சாரம் வரவேண்டும். அது குளம். பிறகு தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறிய நிரந்தர நிரல் விழித்து, நினைவகம், திரை, விசைப்பலகை எல்லாம் இருக்கின்றனவா என்று தன்னைத்தானே சோதிக்கிறது. இதைப் பயோஸ் என்பார்கள், புதிய கணனிகளில் இதற்கு யூ.ஈ.எஃப்.ஐ. என்று பெயர். அது துருசு. அடுத்து வன்தட்டிலிருந்து இயக்கு முறைமையை எடுத்து நினைவகத்தில் ஏற்றுகிறது. அது வாய்க்கால். இறுதியாக விண்டோஸ் தன் வேலையாட்களையெல்லாம் எழுப்பி நுழைவுத் திரையைக் காட்டுகிறது. அதுதான் வயல்.

ஆகவே “லப்டொப் வேலை செய்யுதில்லை” என்று சொல்லாதீர்கள். எதுவரை வந்து நிற்கிறது என்று சொல்லுங்கள். வெளிச்சம் வருகிறதா? காற்றாடிச் சத்தம் கேட்கிறதா? கம்பனி அடையாளம் தெரிகிறதா? புள்ளிகள் சுற்றுகின்றனவா? ஏதாவது எழுத்து வந்தால் கைபேசியால் படம் எடுத்து வையுங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. படம் இருந்தால் விளங்கியவர் வாசிப்பார்.

வெளிச்சமே இல்லை என்றால்

இதில் அதிகம் தாமதிக்கத் தேவையில்லை. பிளக்கை வேறு இடத்தில் செருகிப் பாருங்கள். ஒரே வயரில் நான்கைந்து குடிசைகளுக்கு மின்சாரம் போகும் இடங்களில் இரவில் வோல்ற் குறைந்துவிடும், பகலில் ஒருமுறை முயன்று பார்க்கவேண்டும். சார்ஜரின் அடியில் உள்ள சிறு எழுத்தை வாசியுங்கள். உள்ளே போவது 100 முதல் 240 வோல்ற் வரை என்று பெரும்பாலும் இருக்கும், எமது நாட்டு 230 வோல்ற் அதற்குள் அடங்குகிறது. வெளியே வருவது பல கணனிகளில் 19 வோல்ற் அளவாக இருக்கும். இரவல் சார்ஜரால் சோதிப்பதானால் வெளியே வரும் வோல்ற் ஒன்றாகவே இருக்கவேண்டும். அம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. முனை பொருந்துகிறது என்பதற்காக மட்டும் செருகக்கூடாது.

அடுத்து, பணம் செலவில்லாத, உள்ளே இருப்பதற்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வைத்தியம். சார்ஜரைக் கழற்றுங்கள். பற்றரி வெளியே கழற்றக்கூடியதானால் அதையும் கழற்றுங்கள். மவுஸ், பென் ட்ரைவ், அச்சுப்பொறி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஆரம்பப் பொத்தானை 30 செக்கன் வரை விடாமல் அமத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். இப்போது சார்ஜரை மட்டும் செருகி மீண்டும் அமத்துங்கள். செத்துப்போனது என்று மூலையில் போட்ட கணனிகள் இதனாலேயே எழுந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

ஓர் எச்சரிக்கை. அடிப்பாகம் ஊதியிருந்தாலோ, விரலால் தேய்க்கும் பலகை மேலே தள்ளி நின்றாலோ உள்ளே பற்றரி வீங்கியிருக்கிறது. அதற்கு மின்னேற்றாதீர்கள், குத்தாதீர்கள், அமத்தி மட்டப்படுத்தவும் முயலாதீர்கள். தீப்பிடிக்கும். ஓலைக் கொட்டிலுக்குள்ளும் தகரக் கொட்டிலுக்குள்ளும் வாழ்பவர்கள் இதைச் சிறு விடயமாக எண்ணக்கூடாது. தெரிந்த ஒருவர் அதைக் கழற்றி அகற்றும்வரை வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருள் இல்லாத இடத்தில் வையுங்கள்.

வெளிச்சம் உண்டு, திரை கறுப்பு

காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. இங்கே திரை பழுதா, கணனி பழுதா என்று பிரிக்கவேண்டும். இருட்டில் ஒரு ரோச் லைட்டைத் திரைமேல் சரிவாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கணனி நன்றாக ஓடுகிறது, திரைக்குப் பின்னால் உள்ள வெளிச்சம்தான் போய்விட்டது. அயல்வீட்டில் புதிய ரி.வி. இருந்தால் எச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்துப் பாருங்கள். அதில் நுழைவுத் திரை தெரிந்தால் கவலையை விடலாம். உள்ளே எல்லாம் இருக்கிறது, ரி.வி.யைப் பார்த்தபடியே வேண்டியதைப் பிரதி எடுத்துவிடலாம்.

ரி.வி.யிலும் ஒன்றுமில்லை, ‘கப்ஸ் லொக்’ விசையை அமத்தினால் அதன் விளக்கும் மாறவில்லை என்றால் துருசிலேயே நிற்கிறது. சில கணனிகள் இந்த நேரத்தில் ‘பீப்’ என்று சத்தமிடும், சில விளக்கைச் சிமிட்டும். எத்தனை தடவை என்று எண்ணி எழுதுங்கள். அந்த எண்ணிக்கைக்கு ஒவ்வொரு கம்பனியும் ஓர் அர்த்தம் வைத்திருக்கிறது. அடிக்கடி காணும் காரணம் நினைவகத் தகடு தளர்ந்திருப்பது. உழவு இயந்திரப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன பின்னர் இது நடப்பதுண்டு. தகட்டைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போடுவது பழகியவருக்குப் பத்து நிமிட வேலை. நினைவகத் தகடு வேறு, வன்தட்டு வேறு. தகட்டைக் கழற்றுவதாலோ புதிதாக மாற்றுவதாலோ உங்கள் கோப்புகள் அழிவதில்லை.

அடையாளம் தெரிகிறது, பிறகு ஓர் ஆங்கில வசனம்

‘நோ பூட்டபிள் டிவைஸ்’ அல்லது ‘ஒப்பரேற்றிங் சிஸ்டம் நொட் ஃபவுண்ட்’ என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும். தொடங்குவதற்கு ஒன்றையும் காணவில்லை என்பது அதன் பொருள். கேட்கும்போது பயமாக இருக்கும். முதலில், பென் ட்ரைவ் எதையாவது செருகியபடி விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கணனி அதிலிருந்து தொடங்க முயன்று தோற்றிருக்கலாம். எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

அது இல்லையென்றால் பயோஸ் திரைக்குள் போய்ப் பார்க்கவேண்டும். பொத்தானை அமத்திய உடனே எஃப் 2 விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் பல கணனிகளில் அது திறக்கும், எச்.பி. கணனியில் எஃப் 10. அங்கே ஒன்றையும் மாற்றவேண்டாம். வன்தட்டின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெயர் இருந்தால் தட்டுக்கு உயிர் இருக்கிறது. பெயர் இல்லையென்றால் தட்டு தளர்ந்திருக்கலாம், அல்லது இறந்திருக்கலாம்.

திகதியையும் நேரத்தையும் இங்கேயே கவனியுங்கள். பல வருடம் பின்தங்கியிருந்தால் தாய்ப்பலகையிலுள்ள சிறு நாணயப் பற்றரி தீர்ந்திருக்கிறது. பல கணனிகளில் அது 2032 என்ற இலக்கமுள்ள 3 வோல்ற் பற்றரி, கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். அது தீர்ந்தால் எதிலிருந்து தொடங்கவேண்டும் என்ற அமைப்பையும் சில கணனிகள் மறந்துவிடுகின்றன.

இந்த இடத்தில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பழைய வகை வன்தட்டில் உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. ‘டிக், டிக்’ என்று ஒரே சீராக அடித்தால் அது உள்ளே உடைந்துகொண்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். இன்னொருமுறை போட்டுப் பார்ப்போம் என்று முயலும் ஒவ்வொரு தடவையும் மிச்சமிருப்பதும் தேய்கிறது. புதிய வகைத் தட்டில் சுழலும் பாகம் இல்லை, ஆகவே சத்தம் போடாமலே செத்துவிடும்.

புள்ளிகள் சுற்றிக்கொண்டே நின்றால்

பெரும்பாலானவர்கள் வந்து நிற்கும் இடம் இதுதான். தண்ணீர் வயல் வரம்புவரை வந்துவிட்டது. இங்கே முதல் மருந்து பொறுமை. விண்டோஸ் தன்னைப் புதுப்பிக்கும்போது, அதுவும் பழைய சுழலும் தட்டுள்ள கணனியில், ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் எடுக்கலாம். தட்டின் சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால் பாதி நட்ட வயலை விட்டுவிட்டு ஓடியது போலாகும். சார்ஜரைச் செருகி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் சென்றும் ஓர் அசைவும் இல்லையென்றால் பொத்தானை அமத்திப் பிடித்து நிறுத்தலாம்.

தொடக்கம் இரண்டு தடவை அடுத்தடுத்துத் தவறினால், அடுத்த தடவை விண்டோஸ் தானாகவே ஒரு திருத்தத் திரையைக் காட்டும். அதில் ‘ட்ரபிள்ஷூட்’, அதற்குள் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ என்று செல்லவேண்டும். அங்கே ‘ஸ்ராட்அப் ரிப்பெயர்’ என்பது தொடக்கக் கோப்புகளைத் தானாகச் சரிபார்ப்பது. ‘அன்இன்ஸ்ரோல் அப்டேற்ஸ்’ என்பது கடைசியாக வந்த புதுப்பிப்பை அகற்றுவது. ‘ஸ்ராட்அப் செற்றிங்ஸ்’ என்பதற்குள் போய், கணனி மறுபடி தொடங்கியதும் 4 ஆம் இலக்கத்தை அமத்தினால் ‘சேஃப் மோட்’ என்ற பாதுகாப்பு முறையில் ஏறும். இவை மூன்றும் உங்கள் கோப்புகளை அழிக்கும் வழிகள் அல்ல. தட்டு சத்தம் போடாமல் இருந்தால் செய்து பார்க்கலாம்.

பாதுகாப்பு முறையில் விண்டோஸ் மிகத் தேவையான வேலையாட்களை மட்டும் அழைத்துக்கொண்டு வருகிறது. அப்போது நுழைவுத் திரை வந்தால் ஒரு பெரிய உண்மை தெரிந்துவிடும்: தட்டும் நினைவகமும் பெரும்பாலும் நல்லவை. பின்னால் சேர்த்த ஏதோ ஒன்றுதான் வழியை மறிக்கிறது. புதிய அச்சுப்பொறி, வைரசுக்கு எதிரான மென்பொருள், அரைகுறையாக வந்த புதுப்பிப்பு என்று கடைசியாகச் சேர்த்ததிலிருந்து பின்னோக்கி அகற்றிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன், உள்ளே வந்த அந்த நேரத்திலேயே கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை வருமா என்பது நிச்சயமில்லை.

இது ஏழைகளின் பழைய கணனிக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ணவேண்டாம். 2024 யூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பனி அனுப்பிய ஒரு பிழையான கோப்பினால் உலகம் முழுவதும் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் நுழைவுத் திரைக்கு வராமல் நீலத் திரையில் விழுந்தன. கணக்கைச் சொன்னது மைக்ரோசொவ்ற் கம்பனி. விமான நிலையங்கள், வைத்தியசாலைகள், வங்கிகள் தடுமாறின. வைத்தியம் என்னவென்றால், பாதுகாப்பு முறையில் ஏறி அந்தக் கோப்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவது. நாம் மேலே சொன்ன அதே வழி. அதற்காக எவரும் விமான நிலையத்தின் பதிவேடுகளைத் துடைக்கவில்லை.

நீலத் திரை என்றோம். 2025 முதல் விண்டோஸ் 11 இல் அது கறுப்பாக வரத் தொடங்கியிருக்கிறது. நிறம் மாறினாலும் அதிலுள்ள எழுத்தைப் படம் எடுத்து வைப்பது மாறவில்லை.

இன்னொரு கதையும் உலவுகிறது. விண்டோஸ் 10 க்கான ஆதரவை மைக்ரோசொவ்ற் 2025 ஒக்ரோபர் 14 இல் நிறுத்தியது உண்மை. பாதுகாப்புத் திருத்தங்கள் சாதாரணமாக இனி வராது என்பதே அதன் கருத்து. அதனால் கணனி தொடங்காமல் நிற்பதில்லை. “பத்து முடிஞ்சுது, அதுதான் செத்துப் போச்சு, புதுசு வாங்குங்கோ” என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம்.

அதே திருத்தத் திரையில் ‘ரீசெற் திஸ் பிசி’ என்றும் ஒன்று இருக்கிறது. அதற்குள் இரண்டு வழிகள். ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பது கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக்குவது. ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பது எல்லாவற்றையும் அழிப்பது. பிரதி எடுக்காமல் இரண்டையும் தொடாதீர்கள், முதலாவதையும்கூட.

48 இலக்கச் சாவி

சில கணனிகள் இவ்விடத்தில் ஒரு நீலத் திரையைக் காட்டி ‘பிட்லொக்கர் ரிக்கவரி கீ’ என்று 48 இலக்கங்களைக் கேட்கும். உள்ளே உள்ளவை பூட்டப்பட்டிருக்கின்றன, சாவியைத் தா என்று கேட்கிறது. பூட்டைப் போட்டதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். புதிய மடிக்கணனிகளில், மைக்ரோசொவ்ற் கணக்கொன்றால் முதலில் நுழைந்தபோது விண்டோஸ் தானாகவே பூட்டிவிடும். அப்படியானால் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியிலோ வேறு கணனியிலோ அதே மின்னஞ்சலால் நுழைந்து எடுக்கலாம். ஆனால் அது யாருடைய மின்னஞ்சல்? கணனியை அமைத்துத் தந்த கடைப் பெடியனுடையதா, திட்டம் முடிந்து போய்விட்ட நிறுவன உத்தியோகத்தருடையதா, கனடாவிலுள்ள சித்தப்பாவுடையதா? கணனி நன்றாக ஓடும்போதே இதைக் கேட்டறியுங்கள். சாவி இல்லாவிட்டால் எந்தக் கெட்டிக்காரத் திருத்துநராலும் அந்தத் தட்டை வாசிக்க முடியாது.

உள்ளே இருப்பதை வெளியே எடுத்தல்

வன்தட்டுக்கு உயிர் இருந்து விண்டோஸ் மட்டும் ஏறாவிட்டால், விண்டோஸ் இல்லாமலே கோப்புகளை எடுக்கலாம். லினக்ஸ் என்ற இலவச இயக்கு முறைமை இருக்கிறது. உபுண்டு, லினக்ஸ் மின்ற் என்பவை அதன் வகைகள். நன்றாக ஓடும் வேறொரு கணனியில் அதை இறக்கி, ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் 8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றில் ஏற்றவேண்டும். அந்த பென் ட்ரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும், ஆகவே வெறுமையானதைக் கொடுங்கள். கணனிப் பாடம் கற்பிக்கும் ஆசிரியரோ பல்கலைக்கழகம் போகும் பிள்ளையோ இதைச் செய்து தருவார்கள்.

அதைப் பழுதான மடிக்கணனியில் செருகி, பொத்தானை அமத்தியவுடன் தொடக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டவேண்டும். டெல், லெனோவோ கணனிகளில் எஃப் 12, எச்.பி.யில் எஃப் 9, ஏசுஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப் 12 தான், ஆனால் பயோஸில் அதை முதலில் அனுமதிக்கவேண்டியிருக்கும். பட்டியலில் பென் ட்ரைவைத் தெரிவு செய்தால் லினக்ஸ் அதிலிருந்தே ஓடும். வன்தட்டில் எதையும் எழுதாது. ஆனால் ‘இன்ஸ்ரோல்’ என்று கண்ட இடத்தில் கைவைக்கவேண்டாம், அது தட்டை அழித்துவிடக்கூடும். ‘ட்ரை’ என்பதையே தெரிவு செய்யவேண்டும்.

இப்போது கோப்புகளைக் காட்டும் பெட்டியைத் திறந்து வன்தட்டைச் சொடுக்கினால் ‘யூசர்ஸ்’ என்ற உறை தெரியும். அதற்குள் உங்கள் பெயரில் ஓர் உறை இருக்கும். டெஸ்க்ரொப், டொக்கியுமென்ற்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள்ளேதான். எமது மக்கள் அதிகமாகச் சேமிப்பது டெஸ்க்ரொப்பிலே, கடைக்காரர்கள் எடுக்க மறப்பதும் அதையே. இன்னொரு வெறும் பென் ட்ரைவையோ வெளித்தட்டையோ செருகி அதற்குள் பிரதி எடுங்கள்.

எந்த ஒழுங்கில் எடுப்பது? தட்டு தளர்ந்திருந்தால் நடுவழியில் நின்றுவிடலாம். இதை இடம்பெயர்ந்தவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஷெல் விழத் தொடங்கியபோது வீட்டிலிருந்து எதை முதலில் தூக்கினீர்கள்? பொலித்தீன் பையில் சுற்றிய உறுதியையும் அடையாள அட்டைகளையும். அலுமாரியை அல்ல. இங்கேயும் அப்படியே. காணிப் பத்திரங்கள், சான்றிதழ்கள், கணக்குகள், திரும்ப எடுக்க முடியாத முகங்கள் முதலில். பாட்டும் படமும் கடைசியில், நேரமிருந்தால்.

திருத்தத் திரையில் கறுப்புப் பெட்டியைத் திறந்து ‘செக்டிஸ்க்’ என்ற கட்டளையைக் கொடுக்கும்படி சிலர் சொல்வார்கள். நல்ல தட்டில் அது பயனுள்ளது. சாகக் கிடக்கும் தட்டில் அது முழுத் தட்டையும் மணிக்கணக்காகச் சுரண்டி, இருப்பதையும் கெடுத்துவிடலாம். பிரதி எடுத்த பின்னர்தான் அது.

கணனி முற்றாகச் செத்திருந்தாலும், பல மடிக்கணனிகளில் தட்டைக் கழற்றி யூ.எஸ்.பி. உறையொன்றில் போட்டு வேறு கணனியில் வாசிக்கலாம். தட்டுத் தாய்ப்பலகையோடு ஒட்டியே வரும் சில புதிய கணனிகளில் இது முடியாது. மேலே சொன்ன பூட்டு இருந்தால் சாவியும் வேண்டும்.

கடைக்குக் கொடுக்கும்போது

கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பலர் கெட்டிக்காரர், பலர் நேர்மையானவர். ஆனால் நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதை அவர்களால் ஊகிக்க முடியாது. “திருத்தித் தாங்கோ” என்றால் பெட்டியைத் திருத்துவார்கள். ஆகவே ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: எதுவரை வந்து நிற்கிறது, உள்ளே இருப்பது அழியக்கூடாது, போர்மற் செய்வதானால் முன்னர் கேட்கவேண்டும். உள்ளே இருப்பதை எடுத்துத் தர எவ்வளவு, திருத்த எவ்வளவு என்று இரண்டு விலையாகக் கேளுங்கள். கையில் காசு குறைவென்றால் முதலாவதை மட்டும் செய்யுங்கள், திருத்தம் அடுத்த போகம் வரை காத்திருக்கலாம். தட்டை மாற்றினால் பழைய தட்டைத் திருப்பி வாங்குங்கள். அது உங்கள் உடைமை, அதற்குள் உங்கள் குடும்பத்தின் படங்களும் இலக்கங்களும் இருக்கின்றன. கழிவென்று எங்காவது போட விடாதீர்கள்.

நுழைவுத் திரை வருகிறது, கடவுச்சொல்தான் மறந்துவிட்டது என்றால் அது வேறு விடயம். அங்கே இயந்திரத்தில் பழுது இல்லை. மைக்ரோசொவ்ற் கணக்கானால் வேறு கைபேசியிலிருந்தே கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம்.

இன்றே செய்யக்கூடியது

உங்கள் மடிக்கணனி இன்று நன்றாக ஓடுகிறது என்றால், மேலே சொன்னவற்றில் பாதி வேலையை இந்தக் கிழமையே முடித்துவிடலாம். முக்கிய கோப்புகளை ஒரு பென் ட்ரைவில் பிரதி எடுத்து வேறு வீட்டில், நம்பிக்கையான உறவினரிடம் வையுங்கள். ஒரே கொட்டிலுக்குள் இரண்டும் இருந்தால் ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து பாருங்கள், திறக்காத பிரதி இருந்தும் பயனில்லை. கடன் கணக்கைக் கணனியில் எழுதினாலும் மாத முடிவில் மொத்தத்தைக் கொப்பியில் எழுதி இருவர் ஒப்பமிடுங்கள்.

காணிப் பத்திரங்கள் பற்றி ஒரு வார்த்தை. உறுதியின் படம் உறுதி ஆகாது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 2009 இல் முல்லைத்தீவிலிருந்தும் வெளியேறியவர்களிடையே மூலப்பிரதியைத் தொலைத்தவர்கள் பலர். அவர்களுக்குப் படம் உதவுவது, அதில் உள்ள இலக்கங்களுக்காக. உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர், பதிவு விபரம் என்பவை தெரிந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிப்பது இலகு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரமானால் அதன் இலக்கத்துடன் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும்.

ஆகவே ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியை எடுங்கள். முதல் பக்கத்தில் இந்த இலக்கங்கள். இரண்டாம் பக்கத்தில் கணனியின் கம்பனி, மாதிரி இலக்கம், சார்ஜரின் வோல்ற், அதை அமைத்த மின்னஞ்சல் முகவரி, பிட்லொக்கர் சாவி இருந்தால் அதன் 48 இலக்கங்கள். கடவுச்சொல்லை அதே பக்கத்தில் எழுதவேண்டாம். கொப்பியைக் கணனிப் பையில் வைக்காமல், அடையாள அட்டைகள் இருக்கும் பொலித்தீன் பைக்குள் வையுங்கள்.